கருநிழலைத் தேடி ஒரு பயணம்: முழுச் சூரிய கிரகணம் காணத் திட்டமிடல்

முன்னுரை

இயற்கை நிகழ்வுகளுள் முழுச் சூரிய கிரகணத்துக்கு ஒப்பானது பிறிதொன்று இல்லை எனலாம். பட்டப்பகலில் சில நிமிடங்கள் இருள் கவிகிறது. கதிரவன் இருந்த இடத்தில் கரிய வட்டம் ஒன்று தோன்றுகிறது. அதனைச் சூழ்ந்து முத்தின் வெண்மையில் ஓர் ஒளிவட்டம் விரிகிறது. கிரகணத்தைப் பாம்பின் செயலாகக் கருதிய பழங்கருத்து தமிழ் இலக்கியத்தில் உவமையாகப் பயின்று வருவதை நாம் அறிவோம். சங்கப் புலவர்கள் அதனைப் பாடினர். வள்ளுவரும் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில், ஊரெங்கும் பரவிய அலருக்குத் திங்களைப் பாம்பு பற்றிய செய்தியையே உவமையாக்குகிறார். கிரகணம் என்பது ஊரார் அனைவரும் ஒருங்கே அறியும் நிகழ்ச்சி என்பது அவ்வுவமையின் அடிப்படை.

திங்கள் மறைப்புக்கு இது முற்றிலும் பொருந்தும். முழுச் சூரிய கிரகணத்துக்குப் பொருந்தாது. அது உலகின் மேல் ஒரு குறுகிய பாதையில் மட்டுமே தெரிவது. குறிப்பிட்ட ஓர் ஊரில் அது மீண்டும் நிகழச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே வீட்டு வாசலில் காத்திருப்பவர் வாழ்நாளில் அதனைக் காண்பது அரிது. காண விரும்புவோர் அதனைத் தேடிச் செல்லவேண்டும். அப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். வானின் கணக்கு பிழைபடுவதில்லை. முகிலும் வழியும் நம் கண்ணின் காவலுமே பிழைபடக் கூடியவை. எது உறுதியானது, எது உறுதியற்றது என்று பிரித்தறிந்து, உறுதியற்றவற்றின்மேல் கவனத்தைச் செலுத்துவதே நல்ல திட்டம் என்பது நம் கருத்து.

நிழலின் கணக்கு

கதிரவனின் விட்டம் திங்களின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. கதிரவன் நம்மிடமிருந்து இருக்கும் தொலைவும் திங்களின் தொலைவைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒத்த அளவினவாகத் தோன்றுகின்றன. இவ்வொப்புமையால்தான் திங்கள் கதிரவனைச் சரியாக மூடுகிறது. திங்கள் சற்றுத் தொலைவில் இருக்கும்போது முழுதும் மூட இயலாமல் ஒளிவளையம் எஞ்சும்; அது கங்கணக் கிரகணம் எனப்படும்.

திங்களின் கருநிழல் விழும் இடத்தில் நிற்பவர்க்கே முழுக் கிரகணம். அதன் புறநிழலில் நிற்பவர்க்குப் பகுதிக் கிரகணம். இங்கே பலரும் தடுமாறும் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மறைந்தால் கிட்டத்தட்ட எல்லாம் கண்டதாகும் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. கதிரவனைச் சூழ்ந்த கொரோனா என்னும் ஒளிவட்டத்தின் ஒளி, கதிரவனின் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. எஞ்சி நிற்கும் அந்த ஒரு பங்கு ஒளியே கொரோனாவைப்போல் பதினாயிரம் மடங்கு மிகுந்தது. அது கொரோனாவை முற்றிலும் மறைத்துவிடும். எனவே பாதையின் எல்லைக்கு வெளியே சில கிலோமீட்டர் தொலைவில் தங்கிவிட்டவர், நெடும்பயணம் செய்தும் முழுக் கிரகணத்தைக் காணாதவரே ஆவார்.

கிரகணங்கள் 18 ஆண்டு, 11 நாள், 8 மணி என்னும் கால இடைவெளியில் ஒத்த தன்மையுடன் மீள்வதைப் பாபிலோனியர் காலம் முதலே அறிந்திருந்தனர். இதனைச் சாரோஸ் சுற்று என்பர். எஞ்சும் 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் மேற்கே தள்ளி நிகழும். 2009 ஆம் ஆண்டு சூலை 22 இல் இந்தியாவிலும் சீனாவிலும் காணப்பட்ட கிரகணத்தின் அடுத்த வருகையே, 2027 ஆகஸ்டு 2 அன்று வட ஆப்பிரிக்காவிலும் அரபு நாட்டிலும் நிகழும் கிரகணமாகும். நாளையும் நொடியையும் பாதையையும் இவ்வாறு முன்கூட்டியே சொல்ல முடிவதால், திட்டமிடுவோர்க்கு இப்பகுதியில் ஐயம் சிறிதும் இல்லை.

முன்னோர் பயணங்கள் தரும் பாடம்

கிரகணம் காண உலகைச் சுற்றியவர்களுள் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குறிப்பிடத்தக்கவர். 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் ஆந்திரத்துக் குண்டூரில் இருந்து அவர் கிரகணத்தைக் கண்டார். கதிரவனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளை நிறமாலைமானியால் ஆராய்ந்து, அவற்றின் ஒளிக்கோடுகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் காணலாம் என்று உணர்ந்து, மறுநாளே அவ்வாறு கண்டார். இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் என்பாரும் அதே முறையைத் தனித்துக் கண்டறிந்தார். ஈலியம் என்னும் தனிமம் பூமியில் அறியப்படுமுன்பே கதிரவனில் அறியப்பட்டதற்கு இவ்வாய்வுகளே வழிவகுத்தன.

1870 டிசம்பரில் மற்றொரு கிரகணம் அல்சீரியாவின் வழியே சென்றது. அப்போது பாரிசு நகரம் பிரசியப் படையின் முற்றுகையில் இருந்தது. ஜான்சென் டிசம்பர் 2 ஆம் நாள் கருவிகளுடன் பலூனில் ஏறி முற்றுகையைக் கடந்து தப்பினார். ஓரான் நகரையும் உரிய காலத்தில் அடைந்தார். ஆனால் கிரகண நேரத்தில் முகில் மூடிக்கொண்டது. பகைவர் படை தடுக்க முடியாத ஒருவரை முகில் தடுத்துவிட்டது.

அவர் மனம் தளரவில்லை. மறு ஆண்டில், 1871 டிசம்பர் 12 அன்று, கருநிழல் நம் தமிழகத்தின் வழியே சென்றபோது, நீலகிரியின் சோலூரில் கருவிகளை நிறுவினார். மலைவானம் தெளிந்திருந்தது. கொரோனாவின் இயல்பு பற்றிய அரிய முடிவுகள் அங்கே கிட்டின. அன்று லாக்யர் மேற்குக் கரையின் பேக்கல் கோட்டையிலும், இத்தாலிய அறிஞர் ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் இருந்து ஆய்ந்தனர். உலக அறிஞர் பலர் கிரகணத்துக்காக நம் ஊர்களைத் தேடி வந்த நாள் அது.

நம் காலத்திலும் இப்பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. 1995 அக்டோபர் 24 அன்று இராசத்தானத்து நீம் கா தானாவில் முழுக் கிரகணம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தது. எனினும் வானம் தெளிந்திருந்தமையால் சென்றோர் கண் நிறையக் கண்டனர். 2009 சூலை 22 அன்று பீகாரின் தாரேகனாவில் அது மூன்றரை நிமிடத்துக்கு மேல் நீடிக்க வேண்டியது. பல்லாயிரவர் திரண்டனர், பருவமழைக் கார்முகில் அவர்களை ஏமாற்றியது. நெடுநேரக் கிரகணத்தைவிடத் தெளிந்த வானமே பெரிது என்பது இவற்றால் விளங்கும்.

இடத்தேர்வு

இனி 2027 ஆகஸ்டு 2, திங்கட்கிழமைக் கிரகணத்தை எடுத்துக்கொண்டு ஒரு திட்டத்தை வகுத்துப் பார்ப்போம். கருநிழல் அட்லாண்டிக் கடலில் தொடங்கி, ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து, தென் இசுபெயின், மொராக்கோ, அல்சீரியா, துனீசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, யேமன், சோமாலியா வழியாகச் சென்று இந்தியப் பெருங்கடலில் முடிவடைகிறது. பாதையின் அகலம் மிகுதியான இடத்தில் ஏறத்தாழ 258 கிலோமீட்டர். எகிப்தின் லக்சர் நகரை அடுத்த பகுதியில் முழு இருள் 6 நிமிடம் 23 நொடி நீடிக்கும். 2009 க்குப் பின் 2114 வரை இத்துணை நீண்ட முழுக் கிரகணம் வேறில்லை.

இடங்களை ஒப்பிடுவோர் முதலில் முகிலை ஒப்பிடுக. ஜிப்ரால்டர் நீரிணையையொட்டிய கரைகளில் கடல்முகிலுக்கு இடமுண்டு. யேமன் மலைகளில் ஆகஸ்டு மழைக்காலம். நாட்டின் அமைதியும் கருதத்தக்கது. லிபியாவுக்கும் இவ்விரண்டாம் கருத்து பொருந்தும். லக்சரிலோ ஆகஸ்டு மாதத்து வானம் பெரும்பாலும் முகிலற்றது. நீண்ட நேரமும் தெளிந்த வானமும் ஒருங்கே அமைவதால் பயணிகள் பலரும் அந்நகரை நாடுவர்.

எகிப்து செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. கெய்ரோ நகரில் பகுதிக் கிரகணமே தெரியும். தலைநகரில் தங்கிப் பிரமிடுகளைக் கண்டு, கிரகணத்தையும் அங்கேயே காணலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே தெற்கு நோக்கி வானூர்தியிலோ தொடர்வண்டியிலோ லக்சர் சென்றடைதல் வேண்டும்.

நம் சமுதாயத்தார்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடமும், மக்கா நகரில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலும் முழுக் கிரகணம் நிகழும். மதீனாவில் பகுதிக் கிரகணமே. தமிழகத்து ஊர்கள் பலவற்றிலிருந்து ஜித்தாவில் பணிபுரிவோர் உளர். அவர்கள் வீட்டு மாடியிலிருந்தே இதனைக் காண இயலும். உறவினரைக் காணவோ உம்ராவுக்கோ செல்ல எண்ணியிருப்போர், அந்நாளைக் கருத்தில் கொண்டு காலத்தை அமைத்துக்கொள்ளலாம். செங்கடற்கரையின் புழுக்கமும் புழுதி மூட்டமும் அங்கே கருதத்தக்கவை.

பயண ஏற்பாடுகள்

நாள் முன்பே தெரிந்தது என்பதால் உலகமே அதனை முன்பே அறிந்துள்ளது. கிரகணப் பாதையிலுள்ள விடுதிகள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகிவிடுவது வழக்கம். கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாகுமாறு இருத்தல் நன்று. நுழைவிசைவு விதிகளை நம்பகமான வழியில் அறிந்துகொள்ளவேண்டும். ஹஜ் பயணக் குழுக்களை அழைத்துச் சென்று பழகிய பெரியோரின் அறிவுரை, மாணவர் குழுவை அழைத்துச் செல்வோர்க்குப் பெரிதும் பயன்படும். ஆட்களை எண்ணுதல், மருந்துகளைச் சேர்த்தல், முதியோர்க்கும் இளையோர்க்கும் துணை அமைத்தல் ஆகியவற்றில் அவர்கள் வல்லவர்கள்.

கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவேனும் ஊரை அடைதல் வேண்டும். வானூர்தி ஒரு நாள் தாமதித்தால் பயணம் முழுதும் வீணாகும்; கிரகணம் யாருக்காகவும் காத்திராது. முதல் நாளே காணும் இடத்துக்குச் சென்று, அதே நேரத்தில் கதிரவன் எங்கே நிற்கிறது, நிழல் எங்குண்டு, தண்ணீர் எங்குண்டு என்று பார்த்து வருதல் நலம். முகில் தோன்றினால் வேறிடம் செல்ல ஓர் ஊர்தியும், அறிந்த ஒரு சாலையும் கைவசம் இருக்கட்டும். அன்று சாலைகளில் நெரிசல் மிகும் என்பதால் புறப்படும் நேரத்தையும் முன்பே முடிவு செய்க.

லக்சரில் முழு இருள் தொடங்குவது அந்நாட்டுக் கோடை நேரப்படி பிற்பகல் ஒரு மணியையொட்டி. அப்போது கதிரவன் தொடுவானிலிருந்து 82 பாகை உயரத்தில், ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்டில் அங்கே வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இயல்பு. எனவே இப்பயணத்தில் விலையுயர்ந்த ஒளிப்படக் கருவியினும் இன்றியமையாதவை குடையும், தொப்பியும், போதிய தண்ணீரும், மல்லாந்து படுத்துப் பார்க்க ஒரு பாயுமே ஆகும். பகுதிக் கிரகண நேரம் முழுவதையும் வெயிலில் கழிக்கவேண்டியதில்லை. நிழலில் இருந்து சிறிது நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து பார்த்தால் போதும்.

கண்ணின் காவல்

திட்டத்தின் மற்ற பகுதிகள் தவறினால் பணமும் உழைப்பும் வீணாகும். இப்பகுதி தவறினால் பார்வையே போகும். அழைத்துச் செல்லும் ஆசிரியர் தம் பொறுப்புகளுள் இதனையே முதலாவதாகக் கொள்ளவேண்டும்.

விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லை. அது கருகும்போது நோவு தோன்றாது. சில மணி நேரத்துக்குப் பின்னரே பார்வையின் நடுவில் கறை தோன்றுவதை உணர்வர். அறிஞர் அல்பிரூனி இளமையில் கிரகணங்களை உற்றுநோக்கித் தம் பார்வை குன்றியதை எழுதிவைத்துள்ளார். நேரே நோக்காமல் நீரில் தோன்றும் உருவை நோக்குமாறும் கூறினார். இன்றைய மருத்துவ அறிவின்படி நீரில் பார்ப்பதும் காவலாகாது. புகைபிடித்த கண்ணாடி, ஊடுகதிர்ப் படச்சுருள், சாதாரணக் குளிர்க் கண்ணாடி ஆகியவையும் ஆகா. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடியே ஏற்றது. அதில் கீறலோ துளையோ உண்டா என்று முன்னரே சோதிக்கவேண்டும். அதனை அணிந்துகொண்டு தொலைநோக்கி வழியே பார்த்தல் கூடவே கூடாது. தொலைநோக்கிக்கு அதன் முன்வாயில் தனி வடிகட்டி பொருத்தவேண்டும்.

கதிரவன் முற்றும் மறைந்த அச்சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் காணலாம், காணவும் வேண்டும். கண்ணாடியைக் கழற்றாதவர் கொரோனாவைக் காணமாட்டார். முதல் ஒளிப்பொட்டு மீண்டும் எழுந்த நொடியே கண்ணாடி கண்ணுக்கு வந்துவிடவேண்டும். குழுவில் ஒருவர் நேரத்தைப் பார்த்து உரக்க அறிவிப்பது சிறந்த ஏற்பாடு.

அந்தச் சில நிமிடங்கள்

எதனை எப்போது காண்பது என்று முன்பே அறியாதவர்க்கு ஆறு நிமிடம் ஒரு நொடிபோல் கழிந்துவிடும். முதலில் திங்கள் கதிரவனின் விளிம்பைத் தொடும். அதன்பின் மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் பிறை வடிவம் கொள்ளும். ஊசித்துளை வழியே விழும் கிரகண உருவை ஆராய்ந்து இப்னுல் ஹைதம் ஒரு தனிநூலே எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மறைப்புக்குச் சற்று முன் தரையில் விரித்த வெண்துணியில் நிழல்வரிகள் நெளிந்தோடக் காணலாம். காற்றுக் குளிரும், பறவைகள் கூடு நோக்கும். திங்களின் மலையிடுக்குகள் வழியே எஞ்சிய ஒளி மணிகளாகச் சிதறும். இவற்றை 1836 இல் விளக்கியவர் பெயரால் பெய்லியின் மணிகள் என்பர். இறுதி மணி வைர மோதிரம்போல் மின்னி மறையும். பின்னர்க் கொரோனா தோன்றும். ஒளிமிக்க கோள்களும் புலப்படும். தொடுவானம் முழுவதும் அந்தி நிறம் சூழும்.

மாணவர் குழு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வெப்பமானியைக் குறிக்கட்டும். ஒருவர் பறவைகளையும் விலங்குகளையும் நோக்கட்டும். ஒருவர் நிழல்வரிகளைக் கவனிக்கட்டும். முதன்முறை காண்போர் ஒளிப்படம் எடுக்க முயலாதிருத்தல் நன்று. நல்ல படங்களை வல்லுநர் எடுப்பர். அவரவர் கண்ணால் காணும் காட்சியை அவரவரே பெறவேண்டும்.

தொழுகையும் நோக்கும்

கிரகணத்தைப் பார்க்கச் செல்வது தொழுகையை விட்டுவிடுவதாகாதா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா பொருளுடையது. அண்ணல் நபிகளார் (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராகீம் மறைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவின் பொருட்டே கதிரவன் ஒளி குன்றியதென மக்கள் பேசினர். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ இது நிகழ்வதில்லை என்றும், இது இறைவனின் சான்று என்றும் நபிகளார் தெளிவுபடுத்தித் தொழுகை நடத்தினார்கள். தம் துயரத்தின் நடுவிலும் மூடநம்பிக்கைக்கு இடங்கொடாத அப்பண்பு நம் சிந்தனைக்குரியது.

கிரகணம் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அதில் முழு இருள் ஆறு நிமிடமே. எனவே தொழுகைக்கும் நோக்குக்கும் இடம் உண்டு. அதனையும் நேரப்பட்டியலில் முன்பே எழுதிவைத்தல் வேண்டும். ஜித்தாவிலும் மக்காவிலும் முழு மறைப்பு பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னர் நிகழ்வதால் லுஹர் தொழுகையின் நேரத்தையும் கருதவேண்டும். வான்நோக்கு நம் மரபுக்குப் புதிதன்று. சூரியனின் தோற்ற அளவு மாறுவதைக் கண்டு கங்கணக் கிரகணத்துக்கு இடமுண்டென உணர்த்தியவர் அல்பத்தானீ. கெய்ரோவில் வாழ்ந்த இப்னு யூனுஸ் பதிந்துவைத்த கிரகணக் குறிப்புகள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் திங்களின் இயக்கத்தை ஆராய்ந்தோர்க்குச் சான்றாயின. தொழுத கையும் கணக்கெழுதிய கையும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன.

முடிவுரை

1980 பிப்ரவரி 16 இல் கருநிழல் கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியே சென்றபோது, நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. மக்கள் கதவடைத்து வீட்டினுள் இருந்தனர். வாசலுக்கு வந்த அரிய காட்சியை அச்சத்தால் இழந்தவர் பலர். அச்சம் தவறு, காவலற்ற துணிவும் தவறு. இரண்டுக்கும் இடையே அறிவோடு திட்டமிடும் வழி ஒன்று உண்டு.

நெடும்பயணத்துக்குப் பொருள்வசதி எல்லார்க்கும் அமைவதில்லை. 2027 ஆகஸ்டு 2 அன்று மாலை தமிழகத்தில் பகுதிக் கிரகணம் தெரியும். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டுக் கல்லூரி வளாகத்திலேயே அதனைக் காட்டலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. 2034 மார்ச்சு 20 இல் முழுக் கிரகணப் பாதை லடாக்கு பகுதியைத் தொட்டுச் செல்லும். பனியும் மலைப்பாதையும் அங்கே தடைகளாகும் என்பதால், அப்பயணத்துக்கு இன்னும் நுட்பமான திட்டம் வேண்டும். இன்று ஊசித்துளையில் பிறையுருவைக் காணும் மாணவரே நாளை அம்மலையில் குழு ஒன்றை வழிநடத்துபவராகலாம்.

நிழல் வரும் நாளும் நொடியும் குறிக்கப்பட்டுவிட்டன. உரிய இடத்தில், உரிய காவலுடன், உரிய நேரத்தில் நிற்பது ஒன்றே நம் பங்கு. அதனை ஆசிரியர்கள் கற்பிக்கவும், பெரியோர் துணைநிற்கவும், மாணவர்கள் முன்வரவும் வேண்டும் என்பதே நம் விழைவு.